மோட்டார் வைத்த வயல் முதலில் காயாது

காற்றுக்குக் குறைவில்லை. அடுப்பு இருக்கிறது. விறகும் அடுக்கி வைத்திருக்கிறது. இருந்தும் ஒரு வீட்டில் மட்டும் விறகைப் பாதி எரித்து, மீதியைப் புகையப் புகைய வெளியே எறிகிறார்கள். ஏன்? கல்லீரலில் புற்றாக மாறிய ஒரு செல் தன் சர்க்கரையை இப்படித்தான் எரிக்கிறது. ஏன் இப்படி எரிக்கிறது என்பதுதான் இந்த மாலையின் முதல் கேள்வி. அதற்கு முழுமையான பதில் எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன், தெரியாது. எனக்கு முன் பேசிய நான்கு பேரையும் கேட்ட பிறகு, இந்த மேடையில் ஒன்று தெரியாத ஒரே ஆள் நான்தான் என்பதைப் பணிவோடு ஒப்புக்கொள்கிறேன்.

இனி வணக்கம். தலைமையைத் தாங்கி, மேடைக்குத் தன் மண்டியின் தராசையும் தூக்கி வந்திருக்கும் அரிசி வணிகர் அம்பலவாணன் அண்ணாச்சி அவர்களே, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை தண்ணீர் மோட்டார் விற்று, இன்று தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லும் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் உணவு ஆலோசகர் குமரகுருபரன் அவர்களே, நாற்பது நாள் பட்டினியின் நாயகராக, நடு நாற்காலியில் நலிந்து அமர்ந்திருக்கும் என் பழைய ஆய்வகத் தோழர் கார்த்திகேசன் அண்ணன் அவர்களே, முழங்கால் வலியோடு முன்வரிசையில் முக்கால் மணி நேரம் பொறுத்திருந்த பெரியவர்களே, உலையில் போட்டது கொதித்துவிட்டதா என்ற கவலையை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தில் மலர்ச்சி காட்டும் தாய்மார்களே, வாசல் தூணருகே நின்று, இந்த அம்மா எப்போது முடிப்பாள் என்று கைக்கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்பாசமுத்திரத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என்னை ஏன் அழைத்தார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பேருந்து நிலையத்தில் சுவரொட்டியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'முனைவர்' என்ற சொல் என் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. பொருநைக்கரை நலவாழ்வு மன்றத்துக்குத் தேவைப்பட்டது அந்தச் சொல். சொல் தனியாக வர முடியாது அல்லவா, அதனால் கூடவே நானும் வந்திருக்கிறேன்.

வந்த இடத்தில் வாசலிலேயே ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்த்திகேசன் அண்ணனின் மனைவி விஜயஸ்ரீ. மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். "மேடம், நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆசுபத்திரியில சேரணும். பொறவு ஆப்பரேசன். ஏற்கெனவே ரெண்டு தடவ தேதி மாத்தியாச்சு. இவுக என்னன்னா மண்டலம் முடியாம வரமாட்டேங்காக. இன்னும் எட்டு நாளு இருக்காம். காப்புக் கட்டியிருக்காம். நீங்க படிச்சவுக, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில் சொல்ல நான் அரசியல்வாதி இல்லை. எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

முதலில், சற்று முன் இந்த மேடையில் நாம் அனைவரும் கண்ட காட்சி. சாமந்திப்பூ சுற்றிய அந்தத் தராசில் கார்த்திகேசன் அண்ணனை ஏற்றினார்கள். அம்பலவாணன் அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் அறிவித்தார். "ஐம்பத்தேழு கிலோ. நாற்பது நாள்ல பதினோரு கிலோ கொறஞ்சிருக்கு. பதினோரு கிலோ சீக்கு வெளிய போயிருக்கு." நீங்கள் கைதட்டினீர்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மறுபடியும் கைதட்டினீர்கள். தட்டாமல் இருந்த இரண்டு கைகள் என்னுடையவை. இன்னும் இரண்டு கைகள் மூன்றாம் வரிசையில் இருந்தன.

அண்ணாச்சி, உங்களிடம் ஒரு கணக்கு. உங்களுக்கு எடையில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகேசன் அண்ணனின் கல்லீரலில் இருக்கும் கட்டி மூன்று சென்டிமீட்டர். படம் எடுத்த மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் விஜயஸ்ரீயின் பையில் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் என்றால் ஒரு சின்ன எலுமிச்சம்பழம்கூட இல்லை. எடை போட்டால் பதினைந்து கிராம் இருக்கும். பதினைந்து கிராம் கட்டியிலிருந்து பதினோரு கிலோ எப்படி அண்ணாச்சி வெளியே போகும்? உங்கள் மண்டியில் ஒருவர் பதினைந்து கிராம் அரிசியைக் கொண்டுவந்து பதினோரு கிலோவுக்குச் சீட்டுக் கேட்டால் கொடுப்பீர்களா?

(பின்வரிசையில் ஒரு குரல்: "ரேசன் கடையில குடுப்பாவ மேடம்." சிரிப்பு.)

அங்கே கொடுப்பார்கள். இது மண்டி. அண்ணாச்சியின் தராசு பொய் சொல்லாது என்று ஊரே சொல்கிறது. நானும் அதை நம்புகிறேன். பதினோரு கிலோ போனது மெய். போனது யாருடையது என்பதுதான் கேள்வி. தொடையின் தசை போயிருக்கிறது. தோளின் தசை போயிருக்கிறது. பொன்னாடை நழுவிக்கொண்டே இருக்கிறதே, பார்த்தீர்களா? நிற்பதற்குத் தோள் இல்லை. கட்டி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது, இருந்த கம்பீரத்தில் இருக்கிறது.

இனி குமரகுருபரன் அவர்களின் நூலுக்கு வருகிறேன். முப்பத்திரண்டு பக்கம். பேருந்தில் படித்து முடித்துவிட்டேன்; வீரவநல்லூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கு நூறு வயது. ஜெர்மனியில் ஓர் ஆய்வாளர் கண்டார்: புற்றுச் செல்கள் சர்க்கரையை வாரி வாரி விழுங்குகின்றன, காற்று தாராளமாக இருந்தாலும் அதை முழுதாக எரிக்காமல், காற்றே இல்லாத இடத்தில் புளிக்க வைப்பதுபோல் பாதியிலேயே விட்டுவிடுகின்றன. இது மெய். குமரகுருபரன் அவர்கள் இதைப் படித்தார். உடனே முடிவுக்கு வந்தார்: சர்க்கரையை நிறுத்து, சோற்றை நிறுத்து, பழத்தை நிறுத்து, சாம்பல் பூசணிச் சாறு குடி, நாற்பத்தெட்டு நாளில் கட்டி பட்டினியில் சாகும். நூறு ஆண்டுகளாக உலகத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் வழியை, இவர் மூன்றாம் பக்கத்திலேயே கடந்துவிட்டார். நான்காம் பக்கத்தில் தொலைபேசி எண் இருக்கிறது.

ஒரு நல்ல செல் ஒரு துளி சர்க்கரையை முழுதாக எரித்தால் முப்பது பங்கு சக்தி கிடைக்கும். புற்றுச் செல் பாதியில் விட்டுவிடுவதால் கிடைப்பது இரண்டே பங்கு. முப்பதை விட்டு இரண்டைப் பிடிப்பவனை நாம் முட்டாள் என்போம். இவன் முட்டாள் இல்லை. முழுதாக எரித்தால் மிஞ்சுவது வெறும் காற்றும் நீரும்தான். அதை வைத்து எதுவும் கட்ட முடியாது. பாதி எரிந்த துண்டுகளை வைத்துக் கொழுப்புச் செய்யலாம், சுவர் கட்டலாம், மரபுப் பொருளைப் படியெடுக்கலாம், இன்னொரு செல்லைப் பிறப்பிக்கலாம். வெளிச்சம் தேவைப்படுகிறவன் முழுதாக எரிக்கிறான். வீட்டைப் பெரிதாக்க நினைக்கிறவன் பாதியில் நிறுத்துகிறான். இது ஒரு விளக்கம். இன்னும் இரண்டு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. எது முதன்மையானது என்று தெரியாததால்தான் தெரியாது என்றேன்.

ஆனால் ஒன்று எனக்கு இன்று மாலை இங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது. அறிவையும் இப்படிப் பாதி எரிக்க முடியும். முழுதாக எரித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும், அவ்வளவுதான். பாதியில் நிறுத்தினால் மன்றம் கட்டலாம். மேடை கட்டலாம். நூல் போடலாம். பொன்னாடை வாங்கலாம். சுவரொட்டி ஒட்டலாம். ஆறே மாதத்தில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கிளை, ஆழ்வார்குறிச்சியில் ஒரு கிளை. வளர்ச்சி என்றால் இதுதான் வளர்ச்சி. பரவல் என்றால் இதுதான் பரவல். கோபித்துக்கொள்ளாதீர்கள் குமரகுருபரன் அவர்களே. உயிர்வேதியியலில் இதற்கு வேறு நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, பட்டினி போட்டால் என்ன ஆகும்? அதைப் பார்ப்போம். இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டாம். இங்கே மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குப் போனால் போதும்.

கல்லீரல் என்பது ஒரு குளம். சாப்பிட்டவுடன் இரத்தம் என்ற வாய்க்காலில் சர்க்கரை பெருகி வரும். குளத்தின் மடையில் ஒரு காவலர் இருக்கிறார். நியாயமான மனிதர். வாய்க்காலில் வெள்ளம் வந்தால்தான் மடையைத் திறந்து குளத்துக்குள் விடுவார். தண்ணீர் குறைந்தால் மடையை மூடிவிட்டு, "கீழ இருக்கவங்க மொதல்ல எடுங்க" என்பார். மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் போகட்டும் என்பது அவருடைய நியாயம். வறட்சி வந்தால் குளத்திலிருந்தே வெளியே விடுவார். நாம் எல்லாரும் இரவு உண்ணாமல் உறங்கியும் காலையில் உயிரோடு எழுவது அந்த ஒரு மடைக்காரரின் மரியாதையால்.

கல்லீரல் செல் புற்றாக மாறும்போது முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? அந்த மடைக்காரரை வேலையை விட்டு அனுப்புவது. அவர் இடத்தில் ஒரு மோட்டாரை வைக்கிறது. அந்த மோட்டாருக்கு வெள்ளமும் தெரியாது, வறட்சியும் தெரியாது. கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் உறிஞ்சும். பாதம் நனையாத அளவு ஓடினாலும் உறிஞ்சும். ஆய்வகத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறோம். நொதிகளின் பெயர் சொல்லி உங்களை உறங்க வைக்க விரும்பவில்லை.

இப்போது மோட்டார் விற்றவர் மேடையிலேயே இருக்கிறார். இருபது ஆண்டு அனுபவம். குமரகுருபரன் அவர்களே, உங்களிடமே கேட்கிறேன். வாய்க்காலில் தண்ணீரைக் குறைத்துவிட்டால் முதலில் காய்வது யாருடைய வயல்? மோட்டார் வைத்தவன் வயலா, மடை பார்த்து நிற்கிறவன் வயலா?

அவர் கைப்பேசியில் ஏதோ தேடுகிறார். அவையிலிருந்து யாராவது சொல்லலாம். நாலாம் வரிசையில் பச்சைத் துண்டு போட்ட அண்ணன்.

("மடைக்காரன் வயலுதான் மேடம் காயும். மோட்டார்க்காரன் கடேசிவரைக்கும் உறிஞ்சிட்டுத்தான் இருப்பான். எங்க கடமடையில வருசா வருசம் நடக்க கதைதான.")

கேட்டீர்களா? இவர் நூல் எழுதவில்லை. சுவரொட்டி ஒட்டவில்லை. களக்காட்டுக்காரரா, கடையத்துக்காரரா தெரியாது. ஆனால் கல்லீரல் புற்று எப்படித் தின்கிறது என்பதில் பாதியை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

மீதிப் பாதியையும் கேளுங்கள். நீங்கள் சோற்றை நிறுத்தினால் உடம்பு சர்க்கரை இல்லாமல் இருந்துவிடாது. அது உங்கள் சொல்லைக் கேட்காது. கல்லீரலின் நல்ல பகுதி தானே சர்க்கரை செய்யத் தொடங்கும். எதிலிருந்து? உங்கள் தொடையிலிருந்து. உங்கள் தோளிலிருந்து. தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கி வாய்க்காலில் விடும். மோட்டார் அதையும் உறிஞ்சும். அது மட்டும் அல்ல. கட்டி பாதி எரித்துக் கழித்த புளிப்பு இருக்கிறதே, அது சுற்றியுள்ள, நோயை எதிர்க்கும் காவல் செல்களை மயங்க வைக்கும்; கல்லீரலின் நல்ல பகுதிக்கும் போய்ச் சேரும். அந்த ஏமாளி என்ன செய்யும் தெரியுமா? தன் சக்தியைச் செலவழித்து அந்தக் கழிவை மறுபடியும் சர்க்கரையாகச் சமைத்து, மறுபடியும் அவனுக்கே பரிமாறும். எச்சில் இலையை எடுத்துக் கழுவி, அதிலேயே இன்னொரு பந்தி. ஊரில் இப்படிப்பட்ட சம்பந்தி வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதற்கும் மேலே. இவனுக்குச் சர்க்கரைதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொழுப்பும் தின்பான். புரதத்தின் துண்டுகளையும் தின்பான். கல்லீரல் கட்டிகளில் ஒரு பகுதி கதிர் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் படத்தில் பளிச்சென்று தெரிவதே இல்லை. சர்க்கரையில் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. பாவம், அந்தக் கட்டிகள் குமரகுருபரன் அவர்களின் நூலைப் படிக்கவில்லை.

எழுந்து நிற்கும் அம்மா, சொல்லுங்கள். உங்கள் பெயர்? ஜமீலா பீவி.

("எல்லாஞ் சரிம்மா. அப்ப சீனிய விடணுமா, வேண்டாமா? எங்க வீட்டுக்காரருக்கு ஈரல்ல கொழுப்புன்னு சொல்லியிருக்காவ. கட்டியெல்லாம் இல்ல. அத மட்டும் சொல்லிட்டு நீங்க யார வேணும்னாலும் ஏசிக்கிடுங்க.")

இந்த மாலையின் மிக நல்ல கேள்வி இதுதான். உங்கள் வீட்டுக்காரர் சீனியைக் குறைக்கட்டும். சோற்றையும் குறைக்கட்டும். நடக்கட்டும். மருத்துவரைப் பார்க்கட்டும். கல்லீரலில் கொழுப்புப் படிவதும், சர்க்கரை நோய் நீண்ட நாள் இருப்பதும், குடிப்பழக்கமும், மஞ்சள் காமாலைக் கிருமி உடம்பிலேயே தங்கிவிடுவதும் பிற்காலத்தில் இந்தக் கட்டிக்கு வழி செய்யலாம். குடிக்காதவருக்கு வராது என்று நினைக்காதீர்கள். கார்த்திகேசன் அண்ணன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பதினைந்து ஆண்டு சர்க்கரை நோய். வருமுன் குறைப்பது வேறு. வந்த பிறகு, அறுவைக்கு முதல் நாள் வரை உடம்பைக் காய வைப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று சொன்னதுதான் அந்த முப்பத்திரண்டு பக்கத்தின் குற்றம்.

கல்லீரல் ஒரு விந்தையான உறுப்பு. நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்தால் மீதி வளர்ந்து இடத்தை நிரப்பப் பார்க்கும். ஆனால் வளர்வதற்குச் சோறு வேண்டும் அம்மா. புரதம் வேண்டும். தையல் ஆறப் புரதம் வேண்டும். வெட்டி எடுக்கக்கூடிய கட்டி கிடைப்பதே அரிது. பெரும்பாலோருக்கு அது தெரியவரும்போது வெட்டும் காலம் கடந்திருக்கும். கார்த்திகேசன் அண்ணனுக்கு ஒரே ஒரு கட்டி. ஓரமாக இருக்கிறது. எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். நாளை காலை என்று சொல்கிறார். இப்படி ஒரு வாய்ப்பு வாசலில் வந்து நிற்க, நாம் அவரைத் தராசில் ஏற்றி விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

அம்பலவாணன் அண்ணாச்சி ஏதோ சொல்ல வருகிறார். சொல்லுங்கள் அண்ணாச்சி, ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள்.

("அம்மா, நீங்க சொல்லுதது எல்லாம் சரியாவே இருக்கட்டும். அவரு காப்புக் கட்டியிருக்காரு. ஒரு மண்டலம்னு சொல்லிக் கட்டுனது. நடுவுல முறிச்சா நல்லாவா இருக்கும்? எட்டு நாளுதான. எட்டு நாள்ல என்ன குடி முழுகிரும்?")

எட்டு நாளில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. உங்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார். அவரிடம் கேட்போம்.

கார்த்திகேசன் அண்ணனை உங்களுக்குப் பட்டினி வீரராகத்தான் தெரியும். எனக்கு அவரை இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியும். எங்கள் கல்லூரியின் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். கல்லீரல் கட்டி எப்படி வளர்கிறது என்று அறிய வெள்ளெலிகளை வைத்து நாங்கள் ஆய்வு செய்தபோது, தினமும் காலையில் ஒவ்வோர் எலியையும் எடுத்து, தடவிக் கொடுத்து, எடை போட்டு, ஏட்டில் எழுதியவர் இவர்தான். நான் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு இருக்கிறதே, சுவரொட்டியில் இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறீர்களே, அதில் பாதி எண்கள் இவருடைய கையெழுத்தில் பிறந்தவை. ஒரு நாள் என் அறைக்கு வந்தார். "மேடம், மூணாம் கூண்டுல இருக்கது நாலு நாளா எளச்சிக்கிட்டே வருது" என்றார். "சாப்பிடவில்லையா?" என்றேன். அவர் ஒரு பதில் சொன்னார். நான் அதைச் சொல்லப் போவதில்லை. அது அவருடைய சொல்.

அண்ணன், உங்களிடம்தான். எலி இளைத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(கார்த்திகேசன் எழ முயன்று, உட்கார்ந்தபடியே பேசினார். ஒலிபெருக்கியை அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. "உள்ள வளந்திருச்சு, அறுத்துப் பாத்தா தெரியும்னு சொல்லுவேன்." காப்புக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே: "அறுத்துப் பாப்பாவ. அப்படித்தான் இருக்கும்.")

நன்றி அண்ணன். இதற்கு மேல் என்னிடம் வேதியியல் இல்லை.

பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு விரதத்தை நான் ஏளனம் செய்ய வரவில்லை. விரதம் இருப்பவர் தன் மனத்தோடு பேசுகிறார். அதில் எனக்கு வேலை இல்லை. ஆனால் இது யாரோடு செய்த ஒப்பந்தம்? இறைவனோடா? இறைவன் எடைச்சீட்டுக் கேட்டாரா? கட்டியோடா? கட்டிக்கு மண்டலம் தெரியுமா? நாற்பத்தெட்டு வரை எண்ணத் தெரியுமா? அதற்கு எண்ணத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். நாம் நாளை எண்ணுகிறோம். அது தன்னை எண்ணுகிறது. யாருடைய எண்ணிக்கை முந்தும்?

நம் ஊரில் காப்பைக் கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும் என்பது வழக்கம். கட்டியவர் நீங்கள், அண்ணாச்சி. முதல் நாள் இதே மேடையில் மஞ்சள் கயிற்றை அந்த மணிக்கட்டில் நீங்கள் கட்டியபோது அது இறுக்கமாக இருந்தது, படத்தில் பார்த்தேன். இன்று முழங்கை வரை ஏறி இறங்குகிறது. கார்த்திகேசன் அண்ணன் நாணயமான மனிதர். எலிக்குக்கூடப் பொய்யான எடை எழுதாதவர். ஊர் முன்னால் சொன்ன சொல்லை அவராக முறிக்கமாட்டார். உயிர் போனாலும் முறிக்கமாட்டார். அந்த நாணயத்தைத்தான் நாம் எல்லாரும் சேர்ந்து கொல்லப் பார்க்கிறோம். மருந்து இவரைக் கைவிடவில்லை. மருத்துவர் கைவிடவில்லை. மனைவி கைவிடவில்லை. நாம் தட்டிய கைத்தட்டல் இருக்கிறதே, அதுதான் இவரை நாற்காலியோடு கட்டிப் போட்டிருக்கிறது. பதினோரு கிலோவுக்குக் கைதட்டிய கைகளே, கட்டிக்கல்லவா தட்டினீர்கள்? வெற்றி என்று வாழ்த்திய வாய்களே, அதையல்லவா வாழ்த்தினீர்கள்? அது உங்களுக்கு மேடையேறி நன்றி சொல்லாதது ஒன்றுதான் குறை.

அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் அண்ணாச்சியின் விருப்பம். போவதும் போகாததும் கார்த்திகேசன் அண்ணனின் விருப்பம். போனால் பிழைத்துவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கிறவர்களை இந்த மேடையில் வேறு நாற்காலிகளில் காணலாம். கட்டியின் இந்தத் தீனிப் பழக்கத்தையே திருப்பி அடிக்கும் மருந்துகளை ஆய்வகங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவை வரும் வரை கத்திதான் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு ஒரு கட்டில் காத்திருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பொன்னாடையோடு எழுந்து வரும் குமரகுருபரன் அவர்களே, அதை எனக்குப் போர்த்த வேண்டாம். குளிர்கிற தோள் பக்கத்திலேயே இருக்கிறது. பேச இடம் கொடுத்துவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருக்கும் மன்றத்தாருக்கும், இடையிலே எழுந்து போகாமல் என்னைச் சகித்த அவைக்கும், சரியான கேள்வி கேட்ட ஜமீலா பீவிக்கும், சரியான பதில் சொன்ன பச்சைத் துண்டுக்கும் என் நன்றி. அனைவரும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுங்கள். வணக்கம்.

*

மேலே உள்ளது அன்று பேசியது. மன்றத்தின் ஆண்டு மலருக்கு உரையை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை. மறுநாள் நடந்ததையும் எழுதி வைக்கிறேன்.

காலை ஆறரைக்கு நான் மருத்துவமனை வாசலில் இருந்தேன். ஏழு மணிக்கு அவர்கள் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. விஜயஸ்ரீயின் கைப்பேசி அணைந்திருந்தது. எட்டே முக்காலுக்கு அம்பலவாணனின் கார் வந்தது. அவரே ஓட்டி வந்தார். பின்னிருக்கையில் கார்த்திகேசன் தலையணையில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டில் கயிறு இல்லை. அம்பலவாணன் என்னைப் பார்த்து, "பாவநாசத்துல போயி முங்கிட்டு அவுத்தோம். அதான் நேரமாயிட்டு" என்றார். சக்கர நாற்காலியை அவர்தான் தள்ளினார்.

அறுவை நடக்கவில்லை. இரத்தத்தில் புரதம் மிகவும் குறைந்திருப்பதாகவும், இந்த உடம்பு கத்தியைத் தாங்காது என்றும் மருத்துவர் சொன்னார். மூன்று வாரம் சாப்பிட வைத்துப் பார்க்கலாம் என்றார். புதிதாக எடுத்த படத்தில் கட்டி மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர். இன்னும் எடுக்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. மூன்று வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருக்குமா என்று விஜயஸ்ரீ கேட்டார். அதை அப்போதுதான் சொல்ல முடியும் என்று மருத்துவர் பதில் சொன்னார்.

பதினொரு மணிக்கு மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பயனாளர் ஒருவர் நாற்பதாம் நாளிலேயே முழுப் பலன் பெற்று, மேல் சிகிச்சைக்குத் தகுதி பெற்றுச் சென்றிருப்பதாகவும், அடுத்த மண்டலத்துக்கு முன்பதிவு தொடங்கியிருப்பதாகவும் அதில் இருந்தது. மாலைக்குள் ஒன்பது பேர் பதிவு செய்தார்கள்.

மதியம் கார்த்திகேசனுக்கு இட்லி வந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு முதல் சாப்பாடு. ஒரே நேரத்தில் அதிகம் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று செவிலியர் சொல்லிவிட்டுப் போனார். முதல் இட்லியைச் சாப்பிட அவருக்கு இருபது நிமிடம் ஆனது. இரண்டாவதில் பாதியை வைத்துவிட்டு, "முடியல விஜி" என்றார். விஜயஸ்ரீ தட்டை எடுக்கவில்லை. "இருக்கட்டும், பைய சாப்பிடுங்க. நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.